தர்பூசணியைச் சுட்டவனெல்லாம் நிபுணராம்!

மறுபடியும் அதே வீடியோ. கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம், பாண்டின்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் விடாம சுத்துது. உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்காவுல இருக்குற நம்ம ஊர் தம்பி ஒருத்தர், சட்டைப் பைக்குள்ள அடங்குற .380 ரக பிஸ்டல்ல ஹாலோ பாயின்ட் தோட்டா, அதாவது பட்டதும் விரியட்டும்னு முனையில குழி வச்ச தோட்டா போட்டு "டெஸ்ட்" பண்றாராம்.

மேசை மேல ஆறு தண்ணி கேன் வரிசையா நிக்குது. டப்! முதல் கேன் வெடிக்குது, ரெண்டாவது கிழியுது, அஞ்சாவதுல குண்டு நிக்குது. அதை எடுத்துக் கழுவி, கேமரா கிட்ட கொண்டுவந்து, "எப்படி விரிஞ்சிருக்கு பாருங்க மக்களே!" அப்புறம் ஸ்லோ மோஷன். பக்கவாட்டுல ஒரு ஸ்லோ மோஷன். பின்னாலேர்ந்து ஒண்ணு. அப்புறம் ஒரு தர்பூசணியைச் சிதறடிச்சிட்டுத் தீர்ப்பு சொல்றாரு: "ரெண்டரை அடி துளைக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?"

ஐயா சாமி! தண்ணியில விரியாத ஹாலோ பாயின்ட்டை முதல்ல காட்டுங்க. முனையில இருக்குற குழிக்குள்ள தண்ணி அடிச்சுப் புகுந்தா விரியத்தான் செய்யும். நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியை முன்னாடி தொங்கவிட்டுச் சுட்டுப் பாருங்க. குழிக்குள்ள நூல் அடைச்சுக்கும், குண்டு விரியாம சாதாரண உருண்டை முனைக் குண்டு மாதிரி நேரா போயிட்டே இருக்கும். ஆழக் கணக்கும் தப்பு. சதைக்குப் பதிலா வச்சுச் சுட்டுப் பாக்குற ஜெலட்டின் கட்டியில போறதை விட தண்ணியில குண்டு ரொம்ப தூரம் போகும். கேனை எண்ணி அடி சொல்றதெல்லாம் கிளி ஜோசியம்.

தோட்டா அட்டைப் பெட்டியில போட்டிருக்குற குண்டு வேகத்தை வேற பெருமையா படிக்கிறாரு. அது பெரும்பாலும் நாலு அங்குல பேரல்ல, அதாவது துப்பாக்கிக் குழல்ல அளந்தது. பாக்கெட் பிஸ்டல் பேரல் மூணு அங்குலம்கூட வராது. விநாடிக்கு 20, 30 மீட்டர் குறையுறது சகஜம். குட்டி பிஸ்டலோட தலைவலியே இதுதான்: குண்டு நல்லா விரிஞ்சா ஆழம் போதாம நின்னுடும், விரியலைன்னா தாண்டிப் போயிடும். இதைத்தான்யா டெஸ்ட் பண்ணணும்!

1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்கு அப்புறம் அமெரிக்காவோட எஃப்பிஐ போலீஸ், குண்டு இவ்வளவு ஆழம் போகணும்னு வச்ச அளவு 12லேர்ந்து 18 அங்குலம், அதாவது 30லேர்ந்து 46 செ.மீ. அதுவும் பத்து சதவீத ஜெலட்டின்ல. 15க்கு 15க்கு 40 செ.மீ. கட்டி ஒண்ணுக்கு சுமார் 900 கிராம் ஜெலட்டின் பவுடர் வேணும். குளிர்ந்த தண்ணியில ஊறவச்சு, கொதிக்கவிடாம சூடு பண்ணிக் கரைக்கணும். கொதிச்சா வலு போச்சு. அப்புறம் 4 டிகிரியில ஒரு நாளுக்கு மேல குளிர வைக்கணும். சுடுறதுக்கு முன்னாடி, விநாடிக்கு 180 மீட்டர் வேகத்துல ஒரு ஏர்கன் இரும்புக் குண்டை விட்டா சுமார் எட்டரை செ.மீ. போகணும். இல்லைன்னா அந்தக் கட்டியில வர்ற எந்த அளவும் செல்லாது. குரூப்ல ஒரு அண்ணன் கேக்குறாரு, "கடல்பாசியில பண்ணா ஆவாதா?" ஆவாதுண்ணே. அது நொறுங்கும், வெடிப்பு விடும், சதை மாதிரி இழுத்துக் கொடுக்காது. ஜெலட்டினும் நம்ம மே மாச வெயில்ல மேசைக்கு வர்றதுக்குள்ள கூழாயிடும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மேகசின்ல, அதான் தோட்டா அடுக்குற கூட்டுல, ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுறாருங்க! பாக்கெட் பிஸ்டல்ல மொதல்ல பாக்கவேண்டியதே மேகசினை முழுசா நிரப்பி, திரும்பத் திரும்பச் சுட்டு, எங்கயாவது சிக்குதான்னுதான். .32 ரக பிஸ்டல்ல இது இன்னும் மோசம். தோட்டா அடியில லேசா விளிம்பு இருக்கும். நீளம் குறைஞ்ச ஹாலோ பாயின்ட் போட்டா மேகசினுக்குள்ள முன்னும் பின்னும் ஆடி, மேல் தோட்டாவோட விளிம்பு கீழ்த் தோட்டா விளிம்புக்குப் பின்னாடி மாட்டிக்கும். அப்புறம் ஸ்லைடை, அதான் பிஸ்டல் மேல பின்னாடி இழுக்குற பாகத்தை, எத்தனை தடவை இழுத்தாலும் சிக்கின தோட்டா அசையாது. அந்த நேரத்துல ஸ்லோ மோஷனா காப்பாத்தும்?

உடனே இன்னொருத்தர்: "நம்ம ஊர்ல லைசன்ஸ் .32 வச்சு சவுக்குத் தோப்புல டெஸ்ட் பண்ணலாமா?" போங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஆயுதச் சட்டப்படி, அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி அலட்சியமா சுட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே.

கடைசியா ஒரு மகராசன் கேட்டாரு: "பண்ருட்டி பலாப்பழத்துல சுட்டா எவ்ளோ போகும்?" கோவம் போயி சிரிப்புதான் வந்துச்சு. பலான்னதும் ஞாபகம் வருது, இந்த ரோட்டோரக் கவர்ல மேல நாலு மஞ்சச் சுளை, அடியில பூரா வெளிறிப்போன பிஞ்சுச் சுளை வச்சுக் கட்டுறானுங்களே, அவனுங்களை யாருய்யா கேக்குறது?