மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீர்கள்

"மெட்ராஸ் ஐ வந்தால் டாக்டரிடம் போகவே வேண்டாம், போன தடவை வாங்கிய சொட்டு மருந்தையே விடுங்கள், இரண்டு நாளில் சிவப்பு போய்விடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். சிவப்பு குறையலாம், அதற்காக நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும், பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிவிடும், ஆனால் கருவிழியில் இருப்பது ஹெர்பீஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால் புண் இன்னும் ஆழமாகப் போகும், தழும்பு விழுந்து பார்வையே மங்கிவிடலாம். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வேறு ஏறும். பெரும்பாலும் வலி இருக்காது, பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் தெரியவரும், கெட்டது திரும்பாது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அநேகமாக இரண்டு மூன்று வாரத்துக்குள் தானே சரியாகும். அதுவரை குளிர்ந்த ஒத்தடம், அடிக்கடி கை கழுவுவது, துண்டும் தலையணை உறையும் தனியாக வைத்துக்கொள்வது, இவ்வளவுதான். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பதும் தவறு, கையும் துணியும்தான் பரப்புகின்றன. ஆனால் நல்ல வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்கல் இருந்தாலோ, காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.