தொட்டிலை எண்ணியவர்கள்

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்றால் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கதையைத்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பிரான்ஸ் பக்கத்து நாட்டுத் தொட்டில்களை எண்ணி எண்ணிப் பயந்துகொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்குப் போரில் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாக நினைக்கிறேன்.

1871இல் ஜெர்மனியிடம் தோற்றபோது பிரான்சில் சுமார் 3.6 கோடிப் பேர், ஜெர்மனியில் 4.1 கோடி. நாற்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் ஜெர்மனி 6.5 கோடி. பிரான்ஸ் 4 கோடியைக்கூடத் தொடவில்லை. சில ஆண்டுகளில் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம்.

ஏன்? ஒரு காரணம் நமக்கு உடனே புரியும்: பாகப்பிரிவினை. 1804இல் வந்த நெப்போலியனின் சட்டப்படி சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடியானவன் நாலு பிள்ளை பெற்றால் நிலமும் நாலு துண்டு. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டான். அதில் என்ன தப்பு? ஆனால் அதையே நாட்டின் அழிவு என்றார்கள். மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1896இல் ழாக் பெர்த்தியோன் என்ற புள்ளியியலாளர் ஒரு சங்கமே தொடங்கினார்.

ஆள் குறைந்தால் என்ன செய்வது? ரஷ்யாவோடு கூட்டணி. அதன் படை எல்லைக்குச் சீக்கிரம் வந்து சேர, ரயில் பாதை போட ரஷ்யாவுக்குக் கடன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆள் எடுக்கலாம் என்று 1910இல் ஷார்ல் மான்ழான் என்ற ராணுவ அதிகாரி வாதாடினார். கடைசியில் குடியேற்ற நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் போனார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நிற்கும் போர் நினைவுச் சின்னம் அப்படிப் போய்த் திரும்பாதவர்களுக்காகத்தான்.

அப்புறம் 1913. கட்டாய ராணுவச் சேவையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாக நீட்டினார்கள். இலையுதிர்காலத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த பையன்களை இன்னும் ஒரு வருஷம் நிறுத்தப் போவதாகச் செய்தி வந்ததும், தூல் நகரத்துப் பாசறையில் சிப்பாய்களே எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரேஸ் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 31ஆம் தேதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, பிள்ளைகள் நிறைந்த ஜெர்மனியாவது நிம்மதியாக இருந்ததா? இல்லை. அது ரஷ்யாவை எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே 16 கோடிக்கும் மேல். ரஷ்யாவின் படைப்பெருக்கத் திட்டம் 1917இல் முடிந்துவிடும், அதற்குப் பிறகு சமாளிக்க முடியாது என்று பெர்லினில் கணக்குப் போட்டார்கள். போர் வந்தே தீரும், சீக்கிரம் வந்தால் நல்லது என்று 1912 டிசம்பரிலேயே தலைமைத் தளபதி மோல்ட்கே ஜெர்மன் பேரரசர் கைசரிடம் சொல்லிவிட்டார். எனக்கு ஆறவே ஆறாத இடம் இது. கூடியவனுக்கும் பயம், குறைந்தவனுக்கும் பயம். பிறந்த குழந்தையைப் பார்த்ததும் இருபது வருஷம் கழித்து அது தூக்கப்போகும் துப்பாக்கி மட்டும்தான் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் போரில் பிரான்ஸ் இழந்தது 13 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களை. அவர்கள் போர்முனையில் இருந்த ஆண்டுகளில் ஊரில் பிறப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 1915இல் பிறக்காமல் போன பிள்ளைகளுக்கு 1935இல் இருபது வயது ஆகியிருக்கும். அந்த ஆண்டு பாசறைகளில் ஆள் பற்றவில்லை. இருந்த பையன்களின் சேவைக் காலத்தை மறுபடியும் நீட்டினார்கள்.