நீங்க சும்மாதானே இருக்கீங்க?

ஓய்வு பெறப்போகிறவர்களிடம் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். காலையில் நடை, கொஞ்சம் யோகா, கோயில், மாடித் தோட்டம், வாங்கிப் போட்டுப் படிக்காத புத்தகங்கள், அப்புறம் ஒரு காசி ராமேஸ்வரம். எல்லாம் நல்லதுதான். ஆனால் இதில் எதையும் நீங்கள் ஒரு நாள் செய்யாமல் விட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கோளாறே அங்கேதான் என்பது என் கட்சி. முப்பது வருடம் நம்மைக் காலையில் எழுப்பி, குளிக்கவைத்து, பஸ் ஏற்றியது வேலைமேல் இருந்த காதலா? ஒன்பதே முக்காலுக்கு மேல் ஆனால் "மேடம் இன்னும் வரலையா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான். ஓய்வு பெற்ற அன்று அந்த ஆள் போய்விடுகிறார். அவர் இடத்தில் வேறு யாரையாவது உட்காரவைக்காமல் என்ன பொழுதுபோக்கைக் கொண்டுவந்து கொட்டினாலும் பதினோரு மணிக்குக் கொட்டாவி வரும்.

நான் தொலைபேசித் துறையில் கணக்குப் பிரிவில் இருந்தவள். 2019 கடைசியில் பிஎஸ்என்எல் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தது. 50 வயது ஆனவர்கள் எழுதிக் கொடுக்கலாம். 78,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தோம். 2020 ஜனவரி 31-ஆம் தேதி, இருந்த ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே நாளில் வெளியே வந்தோம். சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. மகளைப் பார்க்க பெங்களூர், பிறகு ஒரு கோயில் சுற்று என்று ஆளாளுக்குத் திட்டம் வைத்திருந்தோம். இரண்டு மாதம் முடிவதற்குள் ஊரடங்கு வந்து அத்தனை பேரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியது.

அதனால் ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் என்ன ஆகிறார்கள் என்பதை நூற்றுக்கணக்கான பேரிடம் ஒரே சமயத்தில் பார்க்கிற வாய்ப்பு எங்கள் வாட்ஸப் குழுவுக்குக் கிடைத்தது. முதலில் காலை ஐந்து மணிக்குப் பூப் படம் போட்டார்கள். அப்புறம் கஷாயக் குறிப்பு. அப்புறம் அரசியல் சண்டை, இரண்டு பேர் வெளியேறினார்கள், ஒருவரைச் சமாதானம் செய்து திரும்பச் சேர்த்தோம். இதற்கு நடுவில் சத்தமே இல்லாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், கேபிள் தெரிந்த டெக்னீஷியன்கள். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, இன்டர்நெட் வேண்டும். இவர்களுக்குப் போன்மேல் போன். பொழுதை எப்படிப் போக்குவது என்று அவர்கள் யாரும் குழுவில் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. பொழுதை "அர்த்தமாக" கழிப்பது பற்றிப் பேசுவதற்கே மாதம் பிறந்தால் பென்ஷன் வரவேண்டும். தனியார் கம்பெனியில் உழைத்து வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒருவர் எழுபது வயதில் அபார்ட்மென்ட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தால் அவரிடம் போய் மாடித் தோட்டம் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் பேசுவது என்னைப் போல அரிசி பருப்புக்குக் கவலை இல்லாதவர்களைப் பற்றி.

அதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கதை வேறு. ஆண் ஓய்வு பெற்றால் அவருக்கு நேரம் காலியாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் ஆபீஸ் இல்லாத குறையைச் சமையலறையில் தீர்த்துக்கொண்டார். பருப்பு டப்பா ஏன் கீழ்த் தட்டில் இருக்கிறது, கேஸ் எத்தனை நாள் வருகிறது என்று எழுதிவைத்திருக்கிறாயா, கறிவேப்பிலையை ஈரத்தோடு ஏன் ஃபிரிட்ஜில் வைத்தாய். ஆடிட் நடந்தது. பெண் ஓய்வு பெற்றால் காலி நேரம் என்ற ஒன்றே கிடையாது. வீட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த இரண்டாவது வேலை முழுநேர வேலையாகிவிடுகிறது. அதோடு பேரப்பிள்ளை. என்னோடு வேலை பார்த்த தோழி, மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று புனேவுக்குப் போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, இவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. பேரன் மேல் உயிர்தான், அவளே சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு வேண்டும் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்கவேண்டும் என்பேன். சம்பளம் இல்லாத வேலைக்கும் வார விடுமுறை உண்டு.

வீட்டிலிருந்தே பகுதி நேரமாக ஏதாவது வேலை செய்கிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். வாசலைத் தாண்டாத வேலையை நம் வீடுகளில் யாரும் வேலை என்று நம்புவதில்லை. "நீங்க சும்மாதானே இருக்கீங்க, அந்த பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடுங்களேன்." ரேஷனில் கைரேகை வைக்க நாம்தான் போகவேண்டும், கூரியர்காரனுக்குக் கதவு திறக்க நாம்தான். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவதும் நம் தலையில்தான் விழும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஒரு மேசை, ஒரு நேரம், அந்த நேரத்தில் கதவைச் சாத்துவது. பத்திலிருந்து ஒன்று வரை என்னை யாராவது கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் இப்போது "மேடம் ஆபீஸ்ல இருக்காங்க" என்கிறார். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். இப்போது நிஜமாகவே சொல்கிறார்.

நான் செய்கிற வேலை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. தெரிந்த ஆடிட்டர் ஒருவர் சில கடைகளின் ஜிஎஸ்டி கணக்கைக் கொடுத்திருக்கிறார். மளிகை, பெயின்ட், பாத்திரம், இப்படி. விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதிக்குள் ஏறவேண்டும், வரிக் கணக்கு 20-ஆம் தேதிக்குள். சின்ன வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று வசதி இருக்கிறது, ஆனால் எங்கள் பெயின்ட் கடைக்காரர் மாதா மாதம்தான் போடுவார், பழகிவிட்டது என்கிறார். அவர் பில் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல் இருக்கும். விரலுக்கு அடியில்தான் எப்போதும் வரித் தொகை.

இதில் சுவாரசியம் எங்கே என்றால், அந்த 15 எழுத்து எண்ணில். வாங்குகிறவரின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்கும், புதுச்சேரி என்றால் 34, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்து எழுத்து அவருடைய பான் எண். அதில் B-ஐ எட்டு என்றும் O-வைப் பூஜ்யம் என்றும் கடைப் பையன் எழுதிவைத்திருப்பான். நான் கவனிக்காமல் வேறு யாருடைய எண்ணையோ ஏற்றிவிட்டால், வாங்கினவருக்கு வரவேண்டிய வரிக் கழிவு வராது. 14-ஆம் தேதி அவருடைய கணக்கில் அவர் வாங்கினவற்றின் பட்டியல் தானாக வந்து விழும். 15-ஆம் தேதி காலையில் மணப்பாறையிலிருந்து யாரோ ஒரு காண்டிராக்டர் பெயின்ட் கடைக்காரரைத் திட்டுவார், பெயின்ட் கடைக்காரர் என்னைக் கூப்பிடுவார். அப்புறம் 20-ஆம் தேதி சாயங்காலம் ஓடிபி வாங்குகிற கூத்து. எண் போவது கடைக்காரர் போனுக்கு, போன் இருப்பது அவர் மகன் கையில், மகன் இருப்பது கிரிக்கெட் மைதானத்தில். தேதி தவறினால் நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லாத மாதம் என்றாலும் 20 ரூபாய். ரத்த அழுத்த மாத்திரை போடுகிற பெண்மணிக்கு இதெல்லாம் தேவையா என்று என் தங்கை கேட்கிறாள். தேவைதான் என்கிறேன். என்னைத் தேடி ஒரு பெயின்ட் கடைக்காரர் பதறுகிறார் அல்லவா.

இந்த வேலைக்குக் காசு வாங்குகிறேன், அதில் எனக்குக் கூச்சமே இல்லை. ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இலவசமாக எதிர்பார்ப்பார்கள். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே." ஒருவர் லாபம் பார்க்கிற இடத்தில் நாம் சும்மா உழைத்துக்கொடுத்தால் அது தொண்டு ஆகாது. அந்த வேலையை வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்யக்கூடிய ஒரு பி.காம். பிள்ளையின் கூலியை நாம் கெடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். இலவசமாகச் செய்ய ஆசையாக இருந்தால், யாரும் லாபம் பார்க்காத இடத்தில் செய்யலாம். அந்த இடம் எனக்கு விக்கிமூலம் என்கிற இணைய நூலகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுடைமையான தமிழறிஞர்களின் நூல்கள் ஏராளமாக அங்கே பக்கம் பக்கமாகப் படமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக மாற்றித் தரும். தருவது பாதி தமிழ், பாதி வேடிக்கை. துணைக்காலையும் ர-வையும் அது மாற்றிப் போடும். "காரணம்" என்பது "கரரணம்" என்று வந்து நிற்கும். ஔவையாரின் ஔ, ஒள ஆகியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம், அந்தக் கொம்பு வைத்த லை, னை எல்லாம் கணினிக்குப் புரியாமல் வேறு என்னவோ ஆகிவிடும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம், வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்பு பார்த்து முடித்தால் மஞ்சள். ஆனால் அதே ஆள் அதைப் பச்சையாக்க முடியாது. இன்னொருவர் வந்து இரண்டாம் முறை பார்த்தால்தான் பச்சை. இந்த விதியை யார் யோசித்தார்களோ, ஓய்வு பெற்றவர்களின் மனசு தெரிந்த ஆளாகத்தான் இருக்கவேண்டும். நான் மஞ்சளாக்கிய பக்கத்தை முகம் தெரியாத ஒருவர் பச்சையாக்குகிறார். நான் விட்ட ஒரு ஒற்றைச் சேர்த்திருக்கிறார், இரண்டு றகரத்தைத் திருத்தியிருக்கிறார். நானும் பதிலுக்கு அவருடைய மஞ்சள் பக்கங்களைத் தேடிப் போகிறேன். அவர் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. சந்திப்பிழையில் மட்டும் படு கறார்.

இப்படி முகம் தெரியாமல் கூடிச் செய்கிற வேலை தமிழுக்குப் புதிதும் இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று ஆரம்பித்தது. பல நாடுகளில் இருந்தவர்கள் தங்கள் வேலை நேரம் போகச் சங்க நூல்களையும் மற்றவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பினார்கள், வேறு சிலர் பிழை பார்த்தார்கள். அதற்கும் முன்னால் போனால் உ.வே.சாமிநாதையர் இருக்கிறார். மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-இல் ஓய்வு பெற்றவர் 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கு 82 வயது. பெரிய ஆட்களைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எங்கே, நாம் எங்கே. கவனிக்கவேண்டியது வேறு. அந்த வயதில் அவர் தனியாக உட்கார்ந்து ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் கூட இருந்தார்கள். காலையில் அவர்கள் வந்து உட்கார்ந்தால் ஐயர் வேலையை ஆரம்பித்தாகவேண்டும்.

சமையலறையை ஆடிட் செய்த என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் விடிவு காலம் வந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று அவன் அம்மா வந்து கேட்டார். வட்டிக் கணக்கு போடுகிறவர் தானே என்று ஒப்புக்கொண்டார். புத்தகத்தைப் பிரித்தால் முக்கோணவியல். சைன், காஸ் எல்லாம் அவருக்கே மறந்துபோயிருந்தது. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு மறுநாள் காலை ஆறரைக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருவன் நாலு பேரானான். இப்போது கறிவேப்பிலை எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதப் போகலாமே என்று நிறைய பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். நல்ல எண்ணம், ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு போங்கள். மாணவர் தானே அழைத்துவரும் எழுத்தர் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்கவேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் வைத்தார்கள். பட்டம் வாங்கிய நாம் பல தேர்வுகளுக்கு உதவமாட்டோம். அதற்குப் பதில் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்பலாம். அதற்கு எந்த விதியும் தடையில்லை, மின்விசிறியை அணைத்துவிட்டு வாசித்தால் போதும். தேர்வுக்கு முந்தின வாரம் "அந்த நாலாவது பாடம் இன்னும் வரலை ஆன்ட்டி" என்று வரும் பாருங்கள் ஒரு செய்தி, அதற்கு மேல் மதியத் தூக்கம் வராது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் அடைக்கவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மாதத்தில் 21-ஆம் தேதியிலிருந்து கடைசி வரை எனக்குக் கடைக் கணக்கு கிடையாது. அப்போது தென்னூர் உழவர் சந்தைக்கு ஆற அமரப் போய் வருவேன், மதியம் தூங்குவேன், சீரியல்கூடப் பார்ப்பேன். தேதி இருக்கிற வேலை ஒன்று கையில் இருந்தால் அந்த ஓய்வுக்கும் ஒரு ருசி வருகிறது. வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யாருக்கு வேண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை?

இந்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. மாலை வாடுவதற்குள் தெருவிலிருந்து நாலு பேர் வருவார்கள். காபி கொடுத்து முடித்ததும், குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் இல்லை, உங்களைப் போல நேர்மையான ஆள் கிடைக்கமாட்டார் என்பார்கள். கணக்குத் தெரிந்தவர் என்றால் தலைவரே நேரில் வருவார். தண்ணீர்த் தொட்டி கழுவிய செலவுக்கு ரசீது எங்கே, லிஃப்ட் பணம் தராதவர் பெயரைப் பலகையில் ஏன் எழுதினீர்கள், ஏன் எழுதவில்லை என்று பொதுக்குழுவில் வாங்கிக் கட்டிக்கொள்ள உடம்பில் தெம்பு இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அந்தப் பதவி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. என்னிடம் வந்தார்கள். பத்திலிருந்து ஒன்று வரை ஆபீஸ் என்று வீட்டுக்காரரே சொல்லி அனுப்பிவிட்டார்.