"ஓடுதுல்ல, அப்புறம் எதுக்குக் கை வைக்கிற?"

நேற்று மாலை 6 மணிக்கு முதலாளியிடமிருந்து போன். "தம்பி, இன்னிக்கு வேணாம்ப்பா. நைட்டு சரக்கு இறங்குது. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை இரவு 10 மணிக்குச் சர்வர்களை, அதாவது கம்பெனி வேலையெல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டர்களை நிறுத்துவேன், அப்டேட் எல்லாம் போட்டு ஞாயிறு விடிகாலை 4 மணிக்குள் மறுபடி ஓட விட்டுவிடுவேன் என்று. ராத்திரிச் சாப்பாட்டைக்கூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அடுத்த வாரம் மாதக் கடைசி, முடியாது. அதற்கடுத்தது சம்பளம் போடுகிற வாரம், முடியாது. அப்புறம் 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்று ஜிஎஸ்டி. ஆறு மாதமாக இப்படியே தள்ளிப் போகிறது. வயிறு எரிகிறது. எழுதியே ஆக வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பக்கம் சரக்குப் பெட்டி கையாளும் கம்பெனி ஒன்றில் வேலை. ஒன்பது சர்வர். பார்த்துக்கொள்ள நான் ஒரே ஆள். கேட்டில் வண்டி நம்பர் பதிவதில் தொடங்கி எடைமேடை, கஸ்டம்ஸ் பேப்பர், பில், சம்பளம் வரை எல்லாம் இந்த ஒன்பதில்தான் ஓடுகிறது. கேட் சர்வர் பத்து நிமிடம் நின்றால் டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலை வரை வரிசை கட்டிவிடும். அவ்வளவு முக்கியமான சாமான் இருக்கிற அறையைப் பாருங்கள். பாதி அறையில் பழைய பில் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும். ஜன்னல் சரியாகச் சாத்தாது, காசிமேட்டு உப்புக்காற்று நேராக உள்ளே வரும். இரண்டு வருடத்தில் நெட்வொர்க் கேபிள் முனைகளில் பச்சை பூத்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் போனதும் செக்யூரிட்டி அண்ணன் ஏசியை அணைத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை. "யாருமில்லாத ரூமுக்கு எதுக்கு ஏசி"ன்னு மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் ஒரு காலையில் சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ரேக்கின் கதவைத் தொட்டால் கை சுட்டது.

அப்டேட் என்று வாயைத் திறந்தால் ஒரே பதில்: "ஓடுதுல்ல, அப்புறம் எதுக்குக் கை வைக்கிற?" இதைச் சொல்கிறவர் யார்? நாற்பது டிரெய்லர் வைத்திருக்கிறவர். ஓடுகிறதே என்று எஞ்சின் ஆயில் மாற்றாமல் விடுவாரா? எஃப்சிக்கு வண்டி விட்டால் நாலு நாள் வருமானம் போகிறது, அதற்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு மட்டும் ஆறு மணி நேரம் கிடையாது! ஆயுதபூஜைக்கு இந்த ஏரியா லேத் பட்டறை ஒவ்வொன்றிலும் மிஷினை நிறுத்தி, துடைத்து, எண்ணெய் போட்டு, அன்று முழுக்க ஓய்வு கொடுக்கிறார்கள். எங்கள் சர்வர் ரேக்குக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். ஆனால் அன்றைக்கும் நிறுத்த விடுவதில்லை.

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட் விடுகிறது. நம் நேரத்துக்கு ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அந்த நிமிடத்திலிருந்து திருடனுக்கும் தெரியும், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று. பேட்ச்சைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். 2017இல் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் வந்ததே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. தாக்கியது மே 12. இரண்டு மாதம் கையில் மருந்தை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த கம்பெனிகள்தான் மாட்டின. எங்களிடம் இன்னும் இரண்டு சர்வரில் ஓடுவது மைக்ரோசாஃப்டின் பழைய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்தது. காசு கொடுத்துத் தனியாக வாங்கினால் ஒழிய, இனி அதற்குப் பேட்ச் வராது. மாற்றலாம் என்றால் எடைமேடை சாஃப்ட்வேர்க்காரர் "புதுசுல வராது சார்" என்று கை விரிக்கிறார். அவரிடம் புது வெர்ஷன் இருக்கிறது. பணம் கட்ட இவர்களுக்கு மனமில்லை.

2024 ஜூலை 19க்கு அப்புறம் இன்னொரு வாதம் கிடைத்துவிட்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன. "பார்த்தியா, அப்டேட் போட்டவன்தான் மாட்டினான்." சரி, அதுவும் உண்மைதான். அதற்காகத்தான் கேட்கிறேன், சோதிக்க ஒரு தனி சர்வர் கொடுங்கள் என்று. முதலில் அதில் போட்டு, எடைமேடை வருகிறதா, பில் அச்சாகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதில் போடுவேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் போடச் சொல்லி யார் கேட்டது? சோதிக்க மிஷினும் தர மாட்டார்கள், நேரமும் தர மாட்டார்கள். ஊரில் எங்காவது ஒன்று விழுந்தால் செய்தித்தாளை மட்டும் என் மேசைமேல் வைப்பார்கள்.

அப்டேட்டாவது பரவாயில்லை. பேக்கப், அதாவது டேட்டாவுக்கு நகல் எடுத்து வைக்கிற விஷயம் சொன்னால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

போன ஜூலையில் கணக்குச் சர்வரில் ஒரு டிஸ்க் போனது. ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை தாங்கிக்கொள்கிற ரெய்டு 5 என்ற ஏற்பாடு போட்டிருந்ததால் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புது டிஸ்க் போட்டேன். அது மற்ற டிஸ்க்குகளை முழுக்கப் படித்துத் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே சூட்டில் வெந்தவை. பாதி நிரம்பும்போது இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டது. அதோடு எல்லாம் போச்சு. அப்போதுகூட நான் பதறவில்லை. தினமும் காலை எனக்கு மெயில் வரும், பேக்கப் வெற்றி என்று பச்சை நிறத்தில். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூடச் சிவப்பு வந்ததில்லை.

ராத்திரி 2 மணிக்கு, நகலிலிருந்து டேட்டாவைத் திருப்பிப் போடுகிற ரீஸ்டோர் முடிந்து திறந்து பார்த்தால் கடைசி பில்லின் தேதி டிசம்பர்.

நம்ப முடியாமல் மறுபடி போட்டேன். டிசம்பர். அதற்கு முந்தின நாள் நகலை எடுத்துப் போட்டேன். டிசம்பர். விடிந்தபிறகுதான் தெரிந்தது. சி டிரைவில் இடம் போதவில்லை என்று கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனியின் பையன் ஒரு ராத்திரி வெளியிலிருந்து லாகின் செய்து டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றியிருக்கிறான். பழைய ஃபோல்டரை அழிக்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. எங்கள் பேக்கப் ஏழு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் செத்த ஃபோல்டரை ஒழுங்காக நகல் எடுத்து, பச்சை மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. நகலின் அளவு ஒரு கேபிகூட ஏறவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அந்தக் குறை என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை ரீஸ்டோர் செய்து பார்க்க ஒரு மிஷின் வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். 60,000 ரூபாய். இரண்டு தடவையும் "தேவையா?" என்று ஒரே வார்த்தையில் திரும்பி வந்தது.

அக்கவுண்ட்ஸில் நாலு பேர் 19 நாள் உட்கார்ந்து காகித பில்லைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். விம்கோ நகரிலிருந்து வருகிற அக்கா ஒருத்தர், ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கிளம்புவார். விரலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு அடிப்பார். ஒரு நாள் கேட்டார், "தம்பி, தெனமும் பேக்கப் ஆச்சுன்னு நீதானே சொன்ன?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஓவர்டைமும் ஜிஎஸ்டி தாமதக் கட்டணமும் கூட்டினால் நான் கேட்ட மாதிரி மூன்று மிஷின் வாங்கியிருக்கலாம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வழியில் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த ஒரு நகல் கையில் இருந்ததால் தப்பித்தார்கள். ஒன்றையும் ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள். எங்கள் ஆபீசில் ஜூலையில் நடந்தது ஆடிட்டருக்கே தெரியாது. கணக்குப் புத்தகத்துக்குத் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே கம்பெனி விதியை மாற்றிவிட்டார்கள். ஆடிட்டர் வந்து "டெய்லி பேக்கப் எடுக்கிறீங்களா?" என்று கேட்பார். "ஆமா சார்." டிக். எடுத்தது திறக்கிறதா என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை.

இன்னும் சிலருக்கு ரெய்டு இருந்தால் போதும், இரண்டு சர்வர் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டால் போதும் என்ற நினைப்பு. நம் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜூன் 27, நாட்பெட்யா வைரஸ். மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது, மும்பையில் ஜேஎன்பிடி துறைமுகத்தில் அவர்கள் டெர்மினலும் நின்றது. யார் யாருக்கு லாகின் என்று வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் தனியாகப் பேக்கப் வைக்கவில்லை. எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டில் கரண்ட் போய் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் பிழைத்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். நெட்வொர்க்கில் மாட்டாத ஒரு நகல் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதற்குமேல் எப்படிச் சொல்வது?

எங்கள் பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே தரைத்தளத்தில், அதே ரேக்கின் கீழ்த்தட்டில், இருபத்துநாலு மணி நேரமும் மாட்டியபடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தத் தெருவில் முழங்காலுக்குமேல் தண்ணீர் நின்றது. ரேக்கின் கீழ்த்தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல். ஸ்டூல்மேல் ஏற்றி வைத்துவிட்டு விடியும்வரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்த வேலைக்கு வருகிற சின்னப் பையனுக்குக்கூடச் சொல்லித்தருவது இதுதான். வேறு இடம் வேண்டும் என்று கேட்டதற்கு "உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயேன்" என்றார்கள். நாலு பேர் சம்பள விவரமும் வாடிக்கையாளர் கணக்கும் இருக்கிற டிஸ்க்கை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதா?

காசு பெரிதாகக் கேட்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சோதிக்க ஒரு மிஷின், மாற்றி மாற்றிக் கழற்றி வைக்க இரண்டு டிஸ்க், அதை வைக்க மாதவரம் கிடங்கில் ஒரு பூட்டுப்போட்ட அலமாரி. அப்புறம் அந்த ஏசியை அணைக்காமல் விட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமைக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவு 10 முதல் காலை 4 வரை. இந்தத் தடவை கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அனுமதி இல்லை என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். காகிதம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.