விடுதலைப் பத்திரம்

போன வியாழக்கிழமை பெரிய அத்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனேன். தாத்தா பெயரில் கிடக்கும் 62 சென்ட் விளை, ரப்பரும் நாலைந்து தெங்கும், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் போய்ச் சேரணும். அதற்கு அத்தைமார் இரண்டு பேரும் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கணும். இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யார் வைத்த பெயரோ, ஆளுக்கு நல்ல நக்கல்.

எழுத்தர் மளமளவென்று வாசித்துக்கொண்டே போனார். 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், என் முழு மனதுடன்' என்ற இடம் வந்தபோது அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் போனை நோண்டுவதுபோல் குனிந்துகொண்டேன். ஒரு மாதமாக அந்தத் தூண்டுதலைச் செய்துகொண்டிருந்த ஆளே நான்தான். உள்ளே போனால் விரல்ரேகைக் கருவியில் அவள் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. முப்பது வருஷம் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி தல்லிய (கொட்டை உடைத்த) கை. தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்து, நாலாவது தடவைதான் எடுத்தது. பங்கை விட்டுக்கொடுப்பதற்கே இந்தப் பாடு.

எதிர்ச் சுவரில் அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் அதைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். 'சமத்துவம்' என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. தோள்சீலைக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா. ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை நம்மில் பலர் சரியாக வாசித்ததில்லை.

நாடார் பெண்கள் மேல்துணி உடுத்தலாமா என்று 1822-இல் தொடங்கி 37 வருஷம் அடிதடியும் தீவைப்புமாக நடந்த சண்டை அது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா உத்திராடம் திருநாளின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவப் பெண்களைப் போல குப்பாயம் என்ற சட்டை போடலாம். மீன்பிடிக்கும் முக்குவர் வீட்டுப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் உடுத்தக் கூடாது. அந்த ஒற்றை 'மட்டும்' இருக்கிறதே, அதில்தான் மொத்தப் பிரகடனமும் இருக்கிறது. துணியைக் கொடுத்தார்கள், படிக்கட்டை எடுக்கவில்லை. அனுமதி என்பதன் குணமே இதுதான். கொடுக்கிறவர் மேலே உட்கார்ந்திருப்பார், எவ்வளவு என்று அளப்பதும் அவரே.

(1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசமும் ராஜா கொடுத்ததுதான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்பு சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.)

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் இந்த அனுமதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிரகடனம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1851-இல், அவர் காலம் முடிந்துவிட்டது. தலைப்பாகை கட்டக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே கண்ணாடிக்கு முன் நிற்க வைத்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதிக்கும் ஒரே தண்ணீர் என்றார். சாமித்தோப்புக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்போது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு வருகிறேன். சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் எந்த நபருக்கும் அரசு மறுக்கக் கூடாது. அவ்வளவுதான் பிரிவு. 'வழங்குகிறோம்' என்ற பேச்சே அதில் இல்லை. 'மறுக்கக் கூடாது' என்றால் என்ன? ஏற்கெனவே உனக்குரியது என்று ஒத்துக்கொண்டால்தானே அப்படிச் சொல்ல முடியும். அப்புறம், 'எந்த நபருக்கும்'. குடிமகன் என்றுகூடச் சொல்லவில்லை. நம் மாவட்டத்து முகாம்களில் இருக்கும் இலங்கை அகதிகளுக்கு ஓட்டு கிடையாது, 14-ஆம் பிரிவு உண்டு.

இதில் பாதி அமெரிக்கச் சரக்கு. 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' 1868-இல் அவர்கள் கொண்டுவந்த 14-ஆம் திருத்தத்தில் இருப்பது. (எண் ஒத்துப்போனது தற்செயல்.) அந்த நாட்டின் கதையும் நம்மூர்க் கதைதான். 1776-இல் அவர்களுடைய சுதந்திரப் பிரகடனத்தில் 'மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிய ஜெபர்சன், தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். வெறும் வேஷம் என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் 1848-இல் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிய பெண்கள் அதே வாக்கியத்தை எடுத்து, அதில் 'பெண்களும்' என்று சேர்த்து வாசித்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1852-இல், உங்கள் சுதந்திர தினமான ஜூலை 4 ஓர் அடிமைக்கு என்ன என்று மேடையில் நின்று கேட்டார். எழுதியவருக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது அதற்குமேல் ஒரு பொருட்டாகவே இல்லை.

சரி, விளைக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1916-இல் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. எது குறைவோ! உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அந்தச் சட்டமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970-களில் இரண்டு விதமான தீர்ப்பு வந்தது. 'இருக்கிறது' என்ற தீர்ப்பு ஜெயித்தது. அப்புறம் கோட்டயத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரியில், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனும் மகளும் சமம் என்று தீர்ப்பானது. வேடிக்கை என்னவென்றால், அவர் 14-ஆம் பிரிவைச் சொல்லிக்கொண்டு போனார், நீதிபதிகள் அதற்குள் போகவே இல்லை. வேறு வாசல் திறந்திருந்ததால் அதன் வழியாகவே முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் ஒரு குறை உண்டு. நேருக்கு நேர் சொல்லியிருக்கலாம்.

காரில் திரும்பி வரும்போது அத்தையிடம் கேட்டேன், வருத்தமா என்று. "என்ன மக்கா செய்ய? தம்பிமாரு மொகத்த முறிச்சிட்டு அந்தப் பங்க வச்சு நான் என்ன செய்யப்போறேன்?" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு அவளே சொன்னாள்: "எனக்க அம்மைட்ட ஒருத்தரும் கையெழுத்து கேட்டு வரல்லை, கேட்டியா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டிக்கு ஒரு ஜோடி காப்பும் ஒரு மாலையும் போட்டு அனுப்பினார்கள், அத்தோடு கணக்கு முடிந்தது. விட்டுக்கொடுக்கச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை. அத்தையிடம் இருந்தது. அதனால்தான் ஒரு மாதம் நடையாய் நடந்தோம், பலகாரம் வாங்கிக்கொண்டு போனோம், தாத்தாவின் படத்தைக் காட்டிப் பேசினோம். அவள் வேண்டாம் என்று சொன்னாலொழிய வேலை நடக்காது. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் சொன்ன முரண்பாடு, அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும், எங்கள் வீட்டு விருந்தினர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தது. அரசு மறுக்கவில்லை. மறுக்கவைத்தது நாங்கள்.

சின்ன அத்தை அன்றைக்கு வரவில்லை. மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். "எனக்குள்ளதை நான் ஏன் எழுதித் தரணும்?" என்று கேட்டுவிட்டாள். குடும்பமே அவள்மேல் கொதித்துப்போய் இருக்கிறது. பேசிச் சரிக்கட்டச் சொல்லி என்னைத்தான் அனுப்பப் பார்க்கிறார்கள். நேற்று ராத்திரி அவளே போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

இன்றைக்கு எடுக்கணும்.