53 நொடி விமானம்: பாதிதான் உண்மை

"ஸ்காட்லாந்தில் இரண்டு தீவுகளுக்கு நடுவே விமானம் தினமும் 53 நொடியில் போய்ச் சேரும், அங்கே படகே கிடையாது" என்று ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

விமானம் உண்மை. ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே இடையே 1967 முதல் லோகன்ஏர் என்ற விமான நிறுவனம் ஓட்டுகிறது. தூரம் சுமார் 2.7 கி.மீ. ஆனால் 53 நொடி என்பது காற்று சாதகமாக அமைந்த ஒரு பயணத்தின் சாதனை. கால அட்டவணையில், தரையில் ஊர்வதையும் சேர்த்து, 2 நிமிடம். வானில் இருப்பது ஒன்று, ஒன்றரை நிமிடம். மிச்சமெல்லாம் காற்றின் கையில். ஓடுவதோ 'ஐலண்டர்' என்ற சின்ன விமானம்; பைலட்டுக்குப் பக்கத்து சீட்டிலும் பயணி உட்காரலாம். (இதை ஏனோ யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!)

படகு கிடையாது என்பது சுத்தப் பொய். பயணிகள் படகு இருக்கிறது. அரை மணி நேரம்கூட ஆகாது.