கதண்டு கொட்டினால் செட்டிரிசின் போதுமா? பரவும் செய்தி தவறு

கதண்டோ தேனீயோ கொட்டி உடல் தடித்து மூச்சுத் திணறினால், செட்டிரிசின் என்னும் ஒவ்வாமை மாத்திரை ஒன்றை விழுங்கி, வெற்றிலையில் மிளகு வைத்து மென்றால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், மருத்துவமனை தேவையில்லை என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

செட்டிரிசின் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். ஆனால் கடும் ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சுக்குழாய் சுருங்குவதையும் இரத்த அழுத்தம் சரிவதையும் அது தடுக்காது. அவற்றை மாற்றக்கூடிய முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே என்பதை உலக ஒவ்வாமை அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எவரும் சரிபார்க்கலாம். மூச்சுத் திணறும் ஒருவரின் வாயில் வெற்றிலையைத் திணிப்பது, புரையேறச் செய்யும் ஆபத்தும் உடையது.

குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், இளைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவிடலாம், ஆனால் எழுந்து நடக்கவிடக் கூடாது. தோலில் தடிப்பே இல்லாமலும் இந்தக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேறியது போலத் தோன்றிய பின்னும் சில மணி நேரத்தில் அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் நோயாளியைக் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால் மேற்கொண்டு பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்த குழுவில் இவ்விளக்கத்தை இடுங்கள்.